குதிரைக்கும் ஒரு சத்திரம்

காவிரி பாயும் தஞ்சைத் தரணியை நினைக்கும்போது நம் மனக்கண்முன் வந்து நிற்பது எருதே அன்றிக் குதிரை அன்று. சேற்றில் இறங்கி உழைப்பதற்கேற்ற பிளவுபட்ட குளம்பு எருதுக்கும் எருமைக்கும் உண்டு. குதிரையோ காய்ந்த நிலத்திலும் பரந்த புல்வெளியிலும் ஓடப் பிறந்தது. ஆயினும் இந்நாட்டுக்கும் குதிரைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கடல் கடந்து வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. ஊர் எல்லைகளில் ஐயனாருக்கு முன்னே மண்குதிரைகள் காவல் நிற்கின்றன. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரம் என்னும் வடமொழி நூலைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1952-ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டது. கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் புகைவண்டியை விட்டு இறங்கியவர்களை வீடு சேர்த்தவை ஒரு காலத்தில் ஜட்கா வண்டிகளே.

இவ்வளவு பழைய உறவு இருந்தும், குதிரையைப் பேணும் கலை நம்மிடம் ஆழமாக வேரூன்றவில்லை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ இதைக் கண்டு வியந்திருக்கிறார். பாண்டிய மன்னர்கள் ஹொர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினர் என்றும், ஆண்டு முடிவதற்குள் அவற்றுள் மிகப் பெரும்பாலானவை மடிந்துபோயின என்றும் அவர் எழுதினார். அதற்கு அவர் கூறிய காரணம் நாம் நினைவிற் கொள்ளத் தக்கது: குதிரைக்கு மருத்துவம் பார்க்கவோ, அதை முறையாகப் பேணவோ தெரிந்தவர்கள் இங்கு இல்லை, சமைத்த இறைச்சியும் சோறும் கலந்து அதற்கு ஊட்டினார்கள். வணிகர்கள் குதிரை வைத்தியர்களைத் தங்களோடு அழைத்து வரவில்லை. குதிரைகள் சாகச் சாகத்தானே வியாபாரம் நடக்கும்!

மாணவ நண்பர்களே, கைவிடப்பட்ட குதிரைகளுக்கு ஓர் ஊர் கூடிப் புகலிடம் அமைப்பது எவ்வாறு என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். நான் கால்நடை மருத்துவன்; டெல்டாவின் ஊர்களில் பல ஆண்டுகள் பணியாற்றியவன். என் அனுபவத்தில் கண்ட உண்மை ஒன்றே. குதிரைமீது இரக்கங்கொள்வோர் இங்கே நிறைய உண்டு. குதிரையை அறிந்தவர் குறைவு. அறிவில்லாத இரக்கம் அதைக் காப்பாற்றுவதில்லை.

முதலில், காப்பாற்றப்பட வேண்டிய குதிரைகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம். ஆட்டோ ரிக்‌ஷா பெருகியபின் ஜட்கா மறைந்தது. ஆனால் குதிரை மறைந்துவிடவில்லை. தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளில் மாட்டுவண்டிப் பந்தயத்தோடு குதிரைவண்டிப் பந்தயமும் நடைபெறுகிறது. திருமண ஊர்வலத்திற்கும் குதிரை வேண்டியிருக்கிறது. ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசாமி கோயில் விழாவையொட்டிக் கூடும் சந்தையில் குதிரைகள் இன்றும் விலைபோகின்றன. வேகம் குறைந்த பின்னும், கால் நொண்டிய பின்னும், அக்குதிரைக்குத் தீனி போடுவது உடையவனுக்குப் பாரமாகிறது. ஒருநாள் இரவில் அது நெடுஞ்சாலை ஓரத்தில் அவிழ்த்து விடப்படுகிறது. தக்க காரணமின்றி ஒரு விலங்கைப் பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அச்சட்டம் வருவதற்குப் பெரிதும் பாடுபட்டவர், மதுரையில் பிறந்து மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் என்பதை நாம் பெருமையோடு நினைக்கலாம். ஆனால் சட்டம் குற்றவாளியைத் தண்டிக்கும். குதிரைக்குப் புல் போடாது. அது ஊரார் செய்ய வேண்டிய வேலை.

அந்த வேலை எங்கே தவறுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். விலா எலும்புகளை எண்ணிவிடலாம் என்னும் நிலையில் ஒரு நாட்டு மட்டக் குதிரை ஓர் ஊரின் வெளிப்புறத்தில் நின்றிருந்தது. நல்ல மனம் படைத்தவர்கள் அதை அழைத்துவந்து, ஒரு வாளி நிறையத் தவிடும் வடித்த சோறும் கலந்து வைத்தார்கள். பட்டினியால் வாடியிருந்த அது ஒரே மூச்சில் தின்று தீர்த்தது. கண்டவர்கள் மகிழ்ந்தார்கள். மூன்றாம் நாள் அது விழுந்து இறந்துவிட்டது. "பசியிலும் சாகாதது, சோறு கண்டபின் ஏன் ஐயா செத்தது?" என்று ஒரு முதியவர் என்னைக் கேட்டார்.

அக்கேள்விக்கு விடை உண்டு. நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பில் பாஸ்பரஸ், மக்னீசியம், பொட்டாசியம் ஆகிய உப்புகளின் சேமிப்புக் குறைந்துபோயிருக்கும். மாவுச்சத்து திடீரென்று மிகுதியாகச் சேர்ந்தால் இன்சுலின் பெருகும். இரத்தத்தில் எஞ்சியிருக்கும் அவ்வுப்புகளும் சர்க்கரையோடு சேர்ந்து திசுக்களுக்குள் இழுக்கப்பட்டுவிடும். அப்போது இதயமும் மூச்சும் தளர்கின்றன. சில நாட்களில் உயிர் போகிறது. நீண்டகாலப் பட்டினிக்குப் பின் உண்ணும் மனிதருக்கும் இதே ஆபத்து உண்டு. ஆகவே மெலிந்த குதிரைக்கு முதலில் தேவை சுத்தமான தண்ணீரும், கைப்பிடி கைப்பிடியாகக் காய்ந்த புல்லுமே. 4 மணிக்கு ஒரு முறை, நாளொன்றுக்கு 6 முறை, சிறிது சிறிதாகக் கொடுத்து, ஏறத்தாழ 10 நாட்களில் முழு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். தானியத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உடம்பு பழைய நிலைக்குத் தேறப் பல மாதங்கள் ஆகும். ஒருவர் தனியாக இரவும் பகலும் விழித்திருந்து இதைச் செய்ய இயலாது. நால்வர் அறுவர் முறைவைத்துக்கொண்டால் எளிது. கூட்டு முயற்சியின் தேவை இங்கேயே தொடங்கிவிடுகிறது.

இனி, தீனியைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். மாட்டின் வயிறு வேறு, குதிரையின் வயிறு வேறு. மாடு ஒருசேரத் தின்று பிறகு அசைபோடும். குதிரையின் இரைப்பை உடலளவுக்குச் சிறியது. அது இடைவிடாமல் சிறிது சிறிதாக மேயப் படைக்கப்பட்டது. உண்டதை வாந்தியெடுக்கவும் அதனால் இயலாது. ஆகவே வயிற்றில் தீனி கெட்டால் கடும் சூலை கண்டு, தரையில் புரண்டு, உயிரையே இழப்பதுண்டு. வைக்கோல் நம் நாட்டில் மலைபோல் குவிந்திருப்பது உண்மை. ஆனால் அதில் மணற்சத்தாகிய சிலிக்கா மிகுதி, புரதம் குறைவு. அதை மட்டுமே நம்பினால் குதிரை தேறாது. தவிடோ பாஸ்பரஸ் மிகுந்தது, சுண்ணாம்புச்சத்துக் குறைந்தது. தவிட்டையே பெருந்தீனியாகப் பல மாதம் கொடுத்தால், குதிரையின் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைந்து முகத்தெலும்பு வீங்கிப்போகும். மாவரைக்கும் ஆலைக்காரர்கள் தவிடு போட்டு வளர்த்த குதிரைகளுக்கு இந்நோய் வந்ததால், ஐரோப்பாவில் இதை ஆலைக்காரர் நோய் என்றே அழைத்தார்கள்.

அப்படியானால் எதைக் கொடுப்பது? நம் வரப்பிலேயே விடை இருக்கிறது. அறுகம்புல் குதிரைக்கு மிக உகந்த புல். பட்டுக்கோட்டை, ஒரத்தநாட்டுப் பகுதிகளின் நிலக்கடலைக் கொடியும், சம்பா தாளடி அறுவடைக்குப் பின் விளையும் உளுந்து, பயறு ஆகியவற்றின் காய்ந்த கொடியும் புரதம் நிறைந்த தீனிகள். கொள்ளை ஊறவைத்து அளவோடு தரலாம். உப்புக்கட்டி எப்போதும் நக்கக் கிடைக்க வேண்டும். கோயில் நந்தவனத்திலும் சாலை நடுவிலும் பூக்கும் அரளியை மட்டும் குதிரை எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் சில இலைகளே உயிரைப் போக்கப் போதும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 கிலோ எடையுள்ள ஒரு மட்டக் குதிரைக்கு நாளொன்றுக்கு 4 முதல் 5 கிலோ வரை உலர்ந்த தீனி வேண்டும். பசும்புல்லாகக் கொடுத்தால் ஏறத்தாழ 20 கிலோ. ஓராண்டுக்கு உலர்தீனியே ஒன்றரை டன்னுக்கு மேல் போகும். நன்கு பேணினால் குதிரை 25 முதல் 30 ஆண்டு வரை வாழும். 10 வயதுக் குதிரை ஒன்றை ஏற்றுக்கொள்வது 15 ஆண்டுக்கு ஒரு வாக்குக் கொடுப்பதாகும். ஆகையால், எத்தனை குதிரைகளைத் தாங்க முடியும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, அதற்குமேல் ஒன்றையும் ஏற்காதிருக்கும் உறுதி வேண்டும். 5 குதிரைக்கு உள்ள தீனியை 15-க்குப் பங்கிட்டால், காப்பகமே பட்டினிச் சாலையாகிவிடும்.

அடுத்தது இடம். காவிரிப் படுகையின் செழிப்பே குதிரைக்குப் பகை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வயலும் தெருவும் ஈரத்தில் ஊறிக்கிடக்கும். ஓயாத ஈரத்தில் நிற்கும் குதிரையின் குளம்படி மெத்தென்று அழுகி நாற்றமெடுக்கும். எனவே நீர் தேங்காத திடலையோ, வல்லத்தைச் சுற்றியுள்ள செம்மண் மேடு போன்ற நிலத்தையோ தேர்ந்தெடுக்க வேண்டும். கொட்டிலின் தரையை உயர்த்தி, கப்பிக் கல்லும் மணலும் பரப்பி, நீர் வடியச் சரிவு விட வேண்டும். குளம்பு நம் நகம்போல் வளர்ந்துகொண்டே இருப்பது. மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளும். 6 முதல் 8 வாரத்திற்கு ஒரு முறை அதைச் சீவிவிடாவிட்டால் கால் கோணும். லாடம் அடிக்கவும் குளம்பு சீவவும் தெரிந்தவர்கள் அருகிவரும் இக்காலத்தில், ஊரில் இரண்டு இளைஞர்களையாவது தேர்ந்த லாடக்காரரிடம் அனுப்பிப் பழக்குவது காப்பகத்தின் முதற்செலவாக இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு முறை பல்லையும் பார்க்க வேண்டும். கடைவாய்ப் பல்லின் ஓரம் கூர்மையாகிக் கன்னத்தைக் கிழித்தால், முன்னே புல் குவிந்திருந்தாலும் குதிரை மெலியும்.

நோய்களுள் மூன்றை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். முதலாவது, ஜன்னி எனப்படும் டெட்டனஸ். குதிரை இதற்கு எளிதில் ஆளாவது. ஆகவே தடுப்பூசி இன்றியமையாதது. இரண்டாவது, சர்ரா. கடித்து இரத்தம் குடிக்கும் பெரிய ஈக்கள் பரப்பும் இந்நோயின் கிருமியை, 1880-ஆம் ஆண்டில் அன்றைய இந்தியாவின் பஞ்சாபில் கிரிஃபித் எவான்ஸ் என்னும் கால்நடை மருத்துவர் குதிரை, ஒட்டகங்களின் இரத்தத்தில் கண்டுபிடித்தார். விட்டுவிட்டுக் காய்ச்சலும், இரத்தச் சோகையும், காலில் வீக்கமும் அதன் அறிகுறிகள். மூன்றாவது, கிளாண்டர்ஸ். இது மனிதருக்கும் தொற்றி உயிரைக் கொல்லக் கூடியது. ஆதலால் புதிதாக வரும் குதிரையைக் குறைந்தது 3 வாரமாவது தனியே கட்டி, இரத்தப் பரிசோதனை முடிந்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். கண்டவுடன் கட்டித் தழுவத் துடிக்கும் சிறுவர்களைத் தடுத்து நிறுத்துவதும் காப்பகத்தாரின் கடமையே.

இவ்வளவையும் செய்வதற்கு ஊரார் எவ்வாறு கூட வேண்டும்? நமக்கு இது புதிய பாடம் அன்று. மடையையும் வாய்க்காலையும் ஆள் கொடுத்துத் தூர்வாரிய குடிமராமத்து முறை நம் முன்னோருடையது. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1802-ஆம் ஆண்டில் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரத்தை நிறுவினார். இராமேசுவரம் செல்லும் வழிநடையில் களைத்து வந்தவரை அது வரவேற்று உணவளித்தது, கல்விக்கும் இடமளித்தது. அதே ஒரத்தநாட்டில் 2012-ஆம் ஆண்டு முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்று இயங்கிவருகிறது. களைத்துவந்த குதிரைக்கு ஒரு சத்திரமும், அதைப் பேணுவோர்க்குக் கல்வியும் என்னும் எண்ணம் இம்மண்ணுக்குப் பொருந்தாததன்று.

வேலையைப் பிரித்துக்கொள்ளும் முறையைச் சொல்கிறேன். நிலமுள்ளவர் திடலைத் தரலாம். வயலுள்ளவர் புல்லும் கொடியும் தரலாம். பதிலுக்கு நாளொன்றுக்கு ஒரு குதிரை தரும் 8, 10 கிலோ சாணம் மக்கி எருவாகி அவர் வயலுக்கே திரும்பும். காலையும் மாலையும் தண்ணீர் நிரப்பவும் கொட்டில் கூட்டவும் மாணவர்கள் முறைவைத்துக்கொள்ளலாம். சங்கத்தைச் சட்டப்படி பதிவு செய்து, வரவு செலவை மாதந்தோறும் ஊர் அறியப் படிக்க வேண்டும். கணக்குத் தெரியாத தருமம் இரண்டு ஆண்டுக்கு மேல் நிலைப்பதில்லை என்பது நான் கண்டது. குதிரை கிடைத்த அன்றே காவல் நிலையத்திற்கும் கால்நடைத் துறைக்கும் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். இல்லையேல் நாளை உரியவன் வந்து திருட்டு என்பான். எல்லாவற்றிற்கும் மேலாக, தேர்வு நாளிலும் பொங்கல் நாளிலும் கொட்டிலுக்கு யார் வருவது என்பதை முன்னரே எழுதி வைக்க வேண்டும். குதிரைக்கு விடுமுறை நாளிலும் பசிக்கும்.

இத்தகைய பணியில் உலகத்திற்கு ஒரு வழிகாட்டியாக விளங்கியவர் டாரதி புரூக் என்னும் ஆங்கில மாது. 1930-ஆம் ஆண்டில் எகிப்து நாட்டின் கெய்ரோ நகருக்குச் சென்ற அவர், முதல் உலகப் போரில் உழைத்த படைக்குதிரைகள் போர் முடிந்ததும் அங்கேயே விற்கப்பட்டு, எலும்பும் தோலுமாய் வண்டியிழுப்பதைக் கண்டார். 1931-இல் லண்டன் நாளேடொன்றுக்கு அவர் எழுதிய கடிதத்தைப் படித்த பொதுமக்கள் பணம் அனுப்பினார்கள். 3 ஆண்டுகளில் 5,000 குதிரைகளை வாங்கினார். அவற்றுள் பெரும்பாலானவை தேற்றமுடியாத நிலையில் இருந்தன. சில நாள் வயிறார உணவும் ஓய்வும் அளித்து, வலியின்றி அவற்றின் வாழ்வை முடிக்க வேண்டியிருந்தது. மருத்துவர் ஆராய்ந்து சொன்ன பின் எடுக்கும் அந்த முடிவும் கருணையின் ஒரு பகுதியே. 1934-இல் அவர் கெய்ரோவில் ஒரு மருத்துவமனையை நிறுவினார். ஏழை வண்டிக்காரர்களின் குதிரைகளுக்கு அங்கே இலவசமாக வைத்தியம் செய்யப்பட்டது. கருத்தை ஊன்றிக் கவனியுங்கள்: குதிரையைக் காக்கப் புறப்பட்டவர், குதிரைக்காரனுக்குத் துணை செய்வதில் வந்து முடிந்தார். காயத்திற்கு மருந்தும், கால் தேறும் வரை தீனியும் உடையவனுக்குக் கிடைக்குமானால், நெடுஞ்சாலையில் அவிழ்த்துவிடப்படும் குதிரைகளின் எண்ணிக்கை தானே குறையும்.

அவிழ்த்து விட்டால் அது சுதந்திரமாக வாழட்டுமே என்று சிலர் கேட்பார்கள். இதற்கு விடை நம் டெல்டாவின் தென்கோடியிலேயே இருக்கிறது. வேதாரணியத்தை அடுத்த கோடியக்கரைக் காட்டில், வளர்ப்புக் குதிரைகளின் வழிவந்த மட்டக் குதிரைகள் காட்டுக் குதிரைகளாகத் திரிகின்றன. அக்காடு 1967-ஆம் ஆண்டில் வெளிமான்களின் பொருட்டுச் சரணாலயமாக்கப்பட்டது. மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் அ.வ.அ. கல்லூரியைச் சேர்ந்த விலங்கியல் ஆய்வாளர்கள், இவ்விரு விலங்குகளும் மேயும் இடத்திலும் தின்னும் புல்லிலும் போட்டியிடுவதைப் பற்றி 2016-இல் ஆய்வுரை வெளியிட்டார்கள். சீமைக் கருவேலங்காய்களைத் தின்னும் குதிரைகள் அவற்றின் விதைகளைச் சாணத்தின் வழியே பரப்பவும் செய்கின்றன. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் அக்கடற்கரையைத் தாக்கியபோது, காட்டு மரங்கள் சாய்ந்து விலங்குகள் பல மடிந்தன. என்றோ யாரோ கைவிட்ட சில குதிரைகளின் கதை இன்று மானுக்கும் காட்டுக்கும் வனத்துறைக்கும் தீராத சிக்கலாகியிருக்கிறது. அக்குதிரைகளின்மீது குற்றமில்லை, அவை கேட்டு அங்கே போகவில்லை. ஆகவேதான் காப்பகத்தில் ஆண் குதிரைகளுக்குக் காயடித்து, இனப்பெருக்கம் நிகழாமல் காப்பது கட்டாய விதியாகிறது. இருப்பவற்றைக் காக்க முடியாத நாம் புதியவற்றைப் பிறப்பித்தல் தகாது.

இவ்வளவு செலவும் உழைப்பும் ஒரு பயனற்ற கிழக் குதிரைக்கு எதற்கு என்று உங்கள் ஊரில் ஒருவர் கட்டாயம் கேட்பார். அவருக்கு நான் ஒன்று சொல்வேன். நம் வயல்களில் நாற்று நடுவோரையும் கதிர் அறுப்போரையும் ஆண்டுதோறும் நல்ல பாம்பும், கட்டுவிரியனும், கண்ணாடி விரியனும், சுருட்டை விரியனும் தீண்டுகின்றன. மருத்துவமனையில் அவர்களுக்குப் போடப்படும் விஷமுறிவு மருந்து எதிலிருந்து கிடைக்கிறது தெரியுமா? அந்நான்கு பாம்புகளின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரையின் உடலில் செலுத்தி, அதன் இரத்தத்தில் ஊறும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துத்தான் அதைச் செய்கிறார்கள். சேற்றில் கால் வைக்கப் பிறக்காத விலங்கு, சேற்றில் கால் வைப்பவரின் உயிரை இரத்தம் கொடுத்துக் காக்கிறது. நெல் விளையும் நாடு குதிரைக்குக் கடன்பட்டிருக்கிறது.

அக்கடனை அடைக்கப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. உங்கள் ஊரில் குதிரை வைத்திருப்பவர் ஒருவர் இருந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமை அவரிடம் சென்று, அனுமதி பெற்று, அக்குதிரையை நன்றாகப் பாருங்கள். குளம்படி உலர்ந்திருக்கிறதா, தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கிறதா, சேணம் உராய்ந்து முதுகில் புண் உண்டா என்று கேட்டறியுங்கள். கற்றதைக் குறித்துக்கொள்ளுங்கள், இன்னும் இருவரை உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். குதிரையை அறிந்தவர் இந்நாட்டில் இல்லை என்று அயல்நாட்டார் ஒருவர் 700 ஆண்டுகளுக்கு முன் எழுதிச் சென்றார். அச்சொல்லைப் பொய்யாக்கும் பொறுப்பை நான் உங்களிடம் ஒப்படைக்கிறேன்.